எழுத்துகளுக்கு ஒரு குடிமராமத்து

கணினி மொழி ஒன்றை உருவாக்க ஒருவர் போதும். அந்த மொழியில் நாலு பேர் உருப்படியாக வேலை செய்ய வேண்டுமென்றால் பொதுவான கருவிகள் வேண்டும். அந்தக் கருவிகளைச் செய்து, பழுது பார்த்து, காலத்துக்கு ஏற்ப மாற்றிக்கொண்டே இருக்கப் பலர் கூட வேண்டும். எழில் என்ற தமிழ் நிரல்மொழியோடும், அதை ஒட்டி வளர்ந்த ஓப்பன்-தமிழ் என்ற நிரல் தொகுப்போடும் பழகிய ஆண்டுகளில் நான் கற்றுக்கொண்டது இதுதான். நிரல் எழுதுவது எனக்குப் பிழைப்பு. அதில் மனிதர்களைச் சம்பாதித்தது இந்தச் சின்ன மொழியின் வழியாகத்தான்.

எழிலை உருவாக்கியவர் முத்து அண்ணாமலை. அமெரிக்காவில் இருந்தபடி 2007-ல் தொடங்கினார். 2009-ல் அதைப் பற்றி ஆய்வுக் கட்டுரை எழுதினார். 2013-ல் மூலநிரலோடு பொதுவில் வெளியிட்டார். யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்குக் கொடுக்கலாம் என்ற கட்டற்ற உரிமத்தில் அது வந்தது. தமிழ் மட்டுமே தெரிந்த ஒரு குழந்தை நிரல் எழுதும் முறையைத் தன் மொழியிலேயே கற்றுக்கொள்ள வேண்டும் என்பதுதான் நோக்கம். எழிலில் ஒரு சின்ன நிரல் இப்படி இருக்கும்:

மதிப்பெண் = 62
@( மதிப்பெண் >= 35 ) ஆனால்
    பதிப்பி "தேர்ச்சி"
இல்லை
    பதிப்பி "மீண்டும் எழுது"
முடி

நிபந்தனை முதலில், 'ஆனால்' பிறகு. தமிழில் வாக்கியம் போகிற போக்கிலேயே நிரலும் போகிறது. இதைப் பார்த்ததும் எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று ஆசை வந்தது.

என் ஊர் திருவாரூர். வேலை சென்னையில். விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போதெல்லாம் பக்கத்துத் தெருப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு உட்கார்வேன். 2011-ல் தமிழக அரசு விலையில்லா மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியிருந்ததால், பல வீடுகளில் அண்ணனுக்கோ அக்காளுக்கோ வந்த கணினி ஒன்று இருந்தது. படம் பார்ப்பதற்கும் பாட்டு கேட்பதற்கும் போக மிச்ச நேரத்தில் அது எங்கள் வகுப்புக்கு வந்துவிடும். முத்து அண்ணாமலையும் என். சொக்கனும் சேர்ந்து எழுதிய 'தமிழில் நிரல் எழுது' என்ற புத்தகத்தை வைத்துக்கொண்டு பாடம் நடத்தினேன்.

வாய்ப்பாடு அச்சிடுவது, வட்டிக் கணக்குப் போடுவது, ஒற்றைப்படை இரட்டைப்படை பிரிப்பது எல்லாம் சீக்கிரமே முடிந்துவிட்டன. பிள்ளைகளுக்கு எண்களைவிடச் சொற்களில்தான் ஆசை. தலைகீழாகப் படித்தாலும் மாறாத சொற்களைக் கண்டுபிடிக்கிற நிரல் எழுதலாமா என்று ஒரு சிறுமி கேட்டாள். 'விகடகவி' எல்லாருக்கும் தெரிந்திருந்தது. ஆழித்தேர் ஓடுகிற ஊர் என்பதால் 'தேரு வருதே' என்பதையும் ஒருவன் உடனே எடுத்துக் கொடுத்தான்.

எழிலின் அடித்தளம் பைத்தான் மொழி. ஆகவே பைத்தான் தமிழ்ச் சொல்லை எப்படிப் பார்க்கிறது என்பதை முதலில் காட்டலாம் என்று 'விகடகவி'யை அதனிடம் கொடுத்துத் திருப்பச் சொன்னேன். வரியின் தலைப்பில் ஒரு கொக்கி தனியாகத் தொங்கியது. 'வி' எங்கும் இல்லை.

"சார், வி எங்க போச்சு? கொக்கி மட்டும் தனியா நிக்குது!"

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல, கணினிக்குள் தமிழ் எப்படி உட்கார்ந்திருக்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. யூனிகோடில் 'வி' என்பது ஒரே குறியெண் கிடையாது. அகரமேறிய 'வ' ஒன்று, இகரக் கொக்கி ஒன்று என இரண்டு குறியெண்கள். புள்ளியும் அப்படியே தனிக் குறியெண். 'தமிழ்' என்ற சொல்லை எடுத்துக்கொண்டால், நமக்கு அது மூன்று எழுத்து. யூனிகோடில் ஐந்து குறியெண்கள். யூடிஎஃப்-8 முறையில் சேமித்தால் பதினைந்து பைட்டுகள். பைத்தானின் பழைய இரண்டாம் பதிப்பு, எழுதுகிற முறையைப் பொறுத்து, பதினைந்து என்றும் சொல்லும், ஐந்து என்றும் சொல்லும். மூன்று என்று சொல்லவே சொல்லாது. மூன்று என்று சொல்ல வேண்டுமானால் அதைத் தமிழ் அறிந்தவர் யாராவது எழுதிச் சேர்க்க வேண்டும்.

எழிலுக்கு அப்படி எழுதப்பட்ட எழுத்துக் கருவிகளை அந்த மொழிக்குள்ளேயே பூட்டி வைக்காமல், பைத்தானில் வேலை செய்கிற எவரும் எடுத்துக்கொள்ளும்படி ஓப்பன்-தமிழ் என்ற தனித் தொகுப்பாக வைத்தார்கள். என் பார்வையில் அந்த முயற்சி முழுவதிலும் மிக நல்ல முடிவு அதுதான். எழிலில் நிரல் எழுதுகிறவர்கள் அன்றும் கொஞ்சம் பேர், இன்றும் கொஞ்சம் பேர். ஆனால் தமிழ் உரையோடு மல்லுக்கட்டுகிற பைத்தான் நிரலர்கள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் டொராண்டோவிலும் இருக்கிறார்கள். அவர்கள் எவருக்கும் எழில் தேவைப்படாமல் இருக்கலாம். சொல்லை எழுத்து எழுத்தாகப் பிரித்துத் தருகிற கருவி எல்லாருக்கும் தேவை. சிறு மொழிக்காகச் செய்த பொருளைப் பெரிய மொழியின் பொதுக் களஞ்சியத்தில் வைத்ததும், அதைத் தேடி ஆட்கள் வர வழி பிறந்தது.

உரிமத்திலும் இந்தத் தாராளம் இருந்தது. எழிலுக்கு ஜிபிஎல் உரிமம். அதை மாற்றிப் பிறருக்குக் கொடுக்கிறவர் தன் மாற்றங்களையும் அதே உரிமத்தில் திறந்து கொடுக்க வேண்டும். ஓப்பன்-தமிழுக்கு எம்ஐடி உரிமம். ஆக்கியவரின் பெயரையும் உரிமக் குறிப்பையும் அப்படியே வைத்திருந்தால் போதும், எங்கும் பயன்படுத்தலாம். மொழியைக் காக்க ஒரு வகை, எழுத்துக் கருவியைப் பரப்ப இன்னொரு வகை. நிறுவனங்களில் வேலை செய்கிற நண்பர்களிடம் "இதை எடுத்துப் போடுங்க, சட்டச் சிக்கல் எதுவும் வராது" என்று தயங்காமல் சொல்ல முடிந்தது.

பொதுக் களஞ்சியத்தின் வலிமையை மற்ற மொழிகளின் வரலாற்றிலும் பார்க்கலாம். பெர்ல் மொழிக்காரர்கள் 1995-ல் சிபான் என்ற களஞ்சியத்தைத் திறந்தார்கள். உலகத்தின் எந்த மூலையில் ஒருவர் எழுதிய நிரலும் இன்னொருவருக்குக் கிடைத்தது. வலையுலகின் தொடக்க காலத்தில் பெர்ல் அவ்வளவு தூரம் பரவியதற்கு அந்தக் களஞ்சியம் ஒரு பெரிய காரணம். பைத்தானுக்கு 2003-ல் பைபிஐ வந்தது. இலக்கணம் அழகாக இருக்கிறது என்பதற்காக மட்டும் யாரும் ஒரு மொழியில் தங்குவதில்லை. நேற்று ஒருவர் தீர்த்து வைத்த சிக்கலை இன்று நாம் மறுபடி தீர்க்க வேண்டியதில்லை என்ற நிம்மதி இருந்தால் தங்குகிறார்கள்.

எங்கள் வகுப்பில் 'விகடகவி' நிரல் ஓப்பன்-தமிழின் துணையோடு சரியாக ஓடியது. அடுத்துப் பிள்ளைகள் அகராதி செய்ய ஆசைப்பட்டார்கள். வீட்டில் பாட்டி சொல்கிற சொற்களைச் சேர்த்து, அகர வரிசையில் அடுக்கி, அச்சிட்டு வைத்தார்கள். அதைப் பார்க்க வந்தார் எங்கள் தெருவில் இருந்த ஓய்வுபெற்ற தமிழாசிரியர். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு தாளை மேலிருந்து கீழ்வரை படித்தார்.

"தம்பி, அகராதில அவள் முன்னாடி வரணும், அவன் பின்னாடி வரணும். இதுல மாறியிருக்கே. பள்ளி முன்னாடி வந்து பழம் பின்னாடி போயிருக்கு. பறவை ரெண்டுக்கும் முன்னாடி நிக்குது. யாரு அடுக்குனது?"

கணினி அடுக்கியது. குறியெண் சின்னதாக இருப்பது முன்னால், பெரியதாக இருப்பது பின்னால் என்று மட்டுமே அதற்குத் தெரியும். அந்தக் குறியெண்கள் தமிழ் நெடுங்கணக்கின் வரிசையில் இல்லை. இந்திய மொழிகளுக்கான யூனிகோடு கட்டங்கள் 1988-ன் இஸ்கி தரத்தை ஒட்டி வகுக்கப்பட்டவை. தேவநாகரியில் எந்த ஒலி எந்த இடத்திலோ, அதே இடம் தமிழுக்கும். அதனால் 'ன' போய் 'ந'வுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தது, 'ற' போய் 'ர'வுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தது, 'ழ' என்பது 'ள'வுக்குப் பின்னால் போனது. நம் நெடுங்கணக்கில் வ, ழ, ள, ற, ன என்று கடைசியில் நிற்பவை இங்கே கலைந்து கிடக்கின்றன. புள்ளிக்குத் தனி எண், அதுவும் பெரிய எண் என்பதால் 'அக்கா'வுக்கு முன்னால் 'அகம்' வந்துவிடும். தமிழ் அகராதி வரிசையில் மெய் முதலில், உயிர்மெய் பிறகு.

தமிழாசிரியருக்கு இதை விளக்கிச் சொன்னபோது அவர் கோபப்படவில்லை. ஒரு நோட்டை எடுத்துவரச் சொன்னார். அன்று மாலையே, எந்தச் சொல்லுக்கு முன்னால் எந்தச் சொல் வர வேண்டும் என்று இணை இணையாக எழுதத் தொடங்கினார். உயிர் தொடங்கி, ஆய்தம் வந்து, மெய் ஒவ்வொன்றாக. ஆய்தம் நடுவில் வரும் சொற்கள், புள்ளி எழுத்தில் முடியும் சொற்கள், ஜ, ஷ, ஸ, ஹ கலந்த சொற்கள் எல்லாம் அதில் இருந்தன. அவருக்குக் கணினியைத் திறக்கவும் தெரியாது. ஆனால் அந்த நோட்டுதான் நான் பார்த்ததிலேயே மிகச் சிறந்த சோதனைப் பட்டியல்.

சோதனை என்றால் என்ன என்று நிரல் எழுதாதவர்களுக்கும் சொல்லிவிடலாம். இந்தச் சொல்லைக் கொடுத்தால் இந்த விடை வர வேண்டும் என்று முன்கூட்டியே எழுதி வைப்பது. யார் நிரலில் எந்த மாற்றம் செய்தாலும் அந்தப் பட்டியல் முழுவதும் தானாக ஓடும். ஒரு விடை தவறினாலும் மாற்றம் உள்ளே போகாது. ஆசிரியரின் நோட்டைத் தட்டெழுதிச் சோதனைகளாக்கிச் சேர்த்த பிறகுதான் எனக்கு ஒன்று தெளிந்தது. தமிழ்ப் புலமையும் நிரல் திறனும் ஒரே ஆளிடம் இருக்க வேண்டும் என்று நாங்கள் எதிர்பார்த்துக்கொண்டிருந்தோம். அப்படிப்பட்டவர்கள் எத்தனை பேர் கிடைப்பார்கள்? சோதனைப் பட்டியல் என்ற ஒன்றை நடுவில் வைத்துவிட்டால், தமிழ் தெரிந்தவர் அந்தப் பக்கமும் நிரல் தெரிந்தவர் இந்தப் பக்கமும் உட்கார்ந்து ஒரே வேலையைச் செய்யலாம். ஒருவர் துறையை இன்னொருவர் கற்றுக்கொண்டு வரும்வரை காத்திருக்க வேண்டாம்.

அதற்குப் பிறகு ஆட்களைத் தேடும் விதமே மாறியது. சென்னையில் லினக்ஸ் பயனர் குழுவின் மாதக் கூட்டங்களுக்குப் போகும்போது, "யாருக்குப் பைத்தான் தெரியும்?" என்று கேட்பதோடு, "வீட்டில் தமிழ் படித்தவர்கள் யாராவது இருக்கிறார்களா?" என்றும் கேட்க ஆரம்பித்தேன். ஒருவர் தன் அம்மாவைச் சொன்னார். இன்னொருவர் குறுக்கெழுத்துப் போட்டி அமைக்கிற தன் மாமாவைச் சொன்னார். குறுக்கெழுத்துக்காரரின் கட்டத்தில் ஒவ்வொரு சதுரத்துக்கும் ஓர் எழுத்து. எழுத்து எது என்பதில் அவரைவிடக் கறாரான ஆள் கிடைக்க மாட்டார். 'க்ஷ' ஓர் எழுத்தா இரண்டா, 'ஸ்ரீ'க்கு ஒரு சதுரமா இரண்டா என்று அவர் கேட்ட கேள்விகள் ஒவ்வொன்றும் ஒரு சோதனையாயிற்று.

'ஸ்ரீ'யில் இன்னொரு சிக்கலும் உண்டு. 2005-ல் யூனிகோடில் 'ஶ' என்ற எழுத்து சேர்க்கப்பட்ட பிறகு, கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும் 'ஸ்ரீ'யை இரண்டு விதமாக எழுத முடிகிறது. ஒரு கோப்பில் ஒரு விதம், இன்னொரு கோப்பில் இன்னொரு விதம் இருந்தால், ஸ்ரீரங்கத்தைத் தேடினால் பாதிதான் கிடைக்கும். 'கொ'வும் இப்படித்தான். ஒரே குறியாகவும் எழுதலாம், கொம்பையும் காலையும் தனித்தனியாகச் சேர்த்தும் எழுதலாம். ஔகாரக் குறிக்குப் பதில் 'ள'வைத் தட்டுகிறவர்கள், காலுக்குப் பதில் 'ர'வைத் தட்டுகிறவர்கள், 'எ'வுக்குப் பதில் தமிழ் எண் ஏழைத் தட்டிவிடுகிறவர்கள் உண்டு. கண் ஏமாறும், கணினி ஏமாறாமல் வேறு சொல் என்று முடிவு கட்டிவிடும். இவற்றையெல்லாம் பொறுமையாகப் பட்டியலிட்டவர்கள் பெரும்பாலும் மெய்ப்புப் பார்க்கும் தொழிலில் இருந்தவர்கள்.

டொராண்டோவிலிருந்து ஒரு பெரியவர் தொடர்பு கொண்டார். யாழ்ப்பாணத்துக்காரர். தங்கள் ஊர்ச் சங்க மலர்கள் பலவற்றைப் பாமினி எழுத்துருவில் தட்டி வைத்திருந்தார். ஈழத்தவர் புழக்கத்தில் பாமினிக்கு நீண்ட காலம் பெரிய இடம் இருந்தது. அதில் 'தமிழ்' என்று தட்டிய சொல், எழுத்துருவை எடுத்துவிட்டால் நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமாக நிற்கும். எழுத்துரு இல்லாத கணினியில் அந்த மலர் முழுவதும் பொருளற்ற ஆங்கிலக் குவியல். அதில் ஊர்க்காரர்களின் கல்யாணங்களும் மரணங்களும் கோயில் திருவிழாக்களும் இருந்தன.

"தம்பி, மாத்திப் பாத்தனான். கொம்பெல்லாம் இடம் மாறி நிக்குது. ஒருக்காச் சரி பாத்துத் தருவியளோ?" என்று கேட்டார்.

பாமினியிலும் திஸ்கி என்ற பழைய குறியீட்டிலும் கண்ணுக்குத் தெரிகிற வரிசையில் தட்டுவார்கள். முதலில் கொம்பு, பிறகு 'க', பிறகு கால் என்றால் 'கொ'. யூனிகோடில் முதலில் 'க', பிறகுதான் ஒகரக் குறி. எழுத்துக்கு எழுத்து மாற்றிவைத்தால் போதாது, இடம் மாற்றியும் வைக்க வேண்டும். பழைய குறியீடுகளிலிருந்து யூனிகோடுக்கு மாற்றும் பகுதியும் ஓப்பன்-தமிழில் சேர்ந்திருந்ததால் தொடங்க இடம் இருந்தது. அவர் கோப்புகளில் தடுக்கிய இடங்களை ஒவ்வொன்றாக அனுப்பினார், நான் திருத்தினேன். திருத்தியது அவருக்காகத்தான். ஆனால் பொதுத் தொகுப்பில் வைத்ததால், பாமினிக் கோப்பு வைத்திருக்கும் வேறு யாருக்கும் அதே திருத்தம் கேட்காமலே கிடைக்கும். தனி ஒருவருக்குச் செய்த உதவி பொதுச் சொத்தாகிற இந்த இடம்தான் என்னை இந்த வேலையில் பிடித்து வைத்தது.

எண்ணைச் சொல்லாக மாற்றும் பகுதியில் நடந்த விவாதங்களையும் மறக்க முடியாது. ஒன்று முதல் பத்து வரை எளிது. பிறகு பதினொன்று, பன்னிரண்டு என்று ஒவ்வொன்றும் தன் வழியில் போகும். எண்பது, எண்ணூறு என்று வந்தது ஒன்பதுக்கு வந்ததும் தொண்ணூறு, தொள்ளாயிரம் என்றாகும். நூறு தனியாக நின்றால் நூறு. பின்னால் ஒன்று வந்தால் நூற்று ஒன்று. ஆயிரம் ஆயிரத்தாகும். இவையெல்லாம் விதிகள், எழுதிவிடலாம். 'இருபத்தி ஒன்று' என்பதா, 'இருபத்து ஒன்று' என்பதா, 'இருபத்தொன்று' என்று சேர்த்தா என்பதில்தான் ஆளுக்கொரு நிலை. தமிழாசிரியர் ஐயா 'த்தி'யை ஏற்கவே மாட்டேன் என்றார். பார்வையற்றோருக்காகத் திரைவாசிப்பான் செய்துகொண்டிருந்த ஒரு பெண், "ஐயா, பஸ்ல கண்டக்டர் சொல்ற மாதிரி காதுல விழுந்தாத்தான் கேக்கறவங்களுக்குச் சட்டுனு புரியும்" என்றார். இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை. எழுத்துக்கு ஒரு வடிவம், பேச்சுக்கு ஒரு வடிவம் என்று பயனரே தேர்ந்துகொள்ளும்படி செய்யலாம் என்ற யோசனை அந்தச் சண்டையில்தான் பிறந்தது. இலட்சம், கோடி என்று எண்ணுகிறவர்களுக்கு ஒன்றும், மில்லியன், பில்லியன் என்று எண்ணுகிற நாடுகளில் வாழும் தமிழர்களுக்கு ஒன்றும் என இரண்டு முறைகள் தொகுப்பில் இருப்பதும் இதே பண்புதான். ஒரு தரப்பை வெளியே தள்ளித் தொகுப்பைச் சுத்தமாக வைத்திருக்கலாம். எல்லாருக்கும் இடம் கொடுத்து அதைப் பெரிதாகவும் வைத்திருக்கலாம். சிறு கூட்டத்துக்கு ஒவ்வொரு ஆளும் முக்கியம் என்பதால் இரண்டாவது வழியே நல்லது என்று நம்புகிறேன்.

இவ்வளவும் சேர்ப்பதைப் பற்றிய கதை. காப்பதைப் பற்றிய கதை வேறு. தஞ்சைப் பக்கத்தில் பிறந்தவர்களுக்குக் குடிமராமத்து என்றால் தெரியும், ஊர்க்காரர்களே கூடி நீர்நிலைகளைப் பழுது பார்ப்பது. ஏரியை வெட்டியவர் பெயர் கல்வெட்டில் இருக்கும். மழைக்கு முன் ஆண்டுதோறும் தூர்வாரிக் கரை கட்டியவர்கள் பெயர் எங்கும் இராது. தூர்வாராவிட்டால் ஏரி நிற்காது. பொது நிரலும் அப்படித்தான். நாம் ஒரு வரிகூட மாற்றாமல் விட்டாலும் அது பழுதாகும், ஏனென்றால் அதன் கீழே இருக்கும் தரை நகர்ந்துகொண்டே இருக்கிறது.

பைத்தானின் மூன்றாம் பதிப்பு 2008-ல் வந்தது. இரண்டாம் பதிப்புக்கான ஆதரவு 2020 சனவரி 1-ஆம் தேதியோடு முடிந்தது. இடைப்பட்ட காலம் முழுவதும் ஒரே நிரல் இரண்டிலும் ஓட வேண்டும் என்ற கட்டாயம். மற்ற நிரல்களுக்கு அது தொல்லை. எழுத்துகளை மட்டுமே கையாளும் நிரலுக்கு அது உயிர்ப் பிரச்சினை, ஏனென்றால் இரண்டு பதிப்புகளுக்கும் இடையில் மாறிய பெரிய விஷயமே எழுத்துகளைக் கையாளும் விதம்தான். சாதாரணமாக எழுதிய 'தமிழ்' ஒன்றில் பதினைந்து, மற்றதில் ஐந்து. பைட்டுகளையும் எழுத்துகளையும் கலந்து எழுதியிருந்த ஒவ்வொரு வரியையும் தேடிப் பிடிக்க வேண்டும். இந்த வேலைக்குக் கைதட்டல் கிடையாது. எந்தப் புதுப் பயனும் வெளியே தெரியாது. நேற்று ஓடியது இன்றும் ஓடுகிறது, அவ்வளவுதான். கல்லூரி முடித்து வேலை தேடிக்கொண்டிருந்த இளைஞர்கள் சிலர் இரவுகளில் உட்கார்ந்து இதைச் செய்தார்கள். ஆசிரியர் நோட்டிலிருந்து வந்த சோதனைகள் அப்போதுதான் முழுப் பயனையும் கொடுத்தன. எங்கே உடைந்தது என்று அவை உடனே காட்டிக்கொடுத்தன.

வருத்தம் ஒன்றும் உண்டு. தமிழ்க் கணிமையில் ஆண்டுதோறும் எத்தனையோ மாணவர்கள் சொல் திருத்தி, பகுபத உறுப்புப் பிரிப்பான், ஒலிபெயர்ப்பான் என்று திட்டங்கள் செய்கிறார்கள். ஒரு கல்லூரியில் அப்படி ஒரு சொல் திருத்தியைப் பார்த்தேன். நல்ல வேலை. மாணவர்கள் எழுத்துப் பிரிப்பையும் வரிசைப்படுத்தலையும் முதலிலிருந்து தாங்களே எழுதியிருந்தார்கள், அதற்கே பாதிக் காலம் போயிருந்தது. மதிப்பெண் வந்ததும் நிரல் ஒரு குறுந்தகட்டில் துறை அலமாரிக்குள் போய்விட்டது. அடுத்த ஆண்டு மாணவர்கள் மறுபடி எழுத்துப் பிரிப்பிலிருந்து தொடங்குவார்கள். திறமைக்கோ உழைப்புக்கோ நம்மிடம் பஞ்சமில்லை. ஒருவர் நிறுத்திய இடத்திலிருந்து அடுத்தவர் தொடங்க வழி செய்யாததுதான் நம் இழப்பு.

அதன் பிறகு மாணவர்களிடம் பேசும் இடங்களில் எல்லாம் ஒன்றை வலியுறுத்தி வருகிறேன். உங்கள் திட்டம் முழுவதையும் வெளியிட வேண்டாம், அது பெரிய வேலை. அதில் பொதுவாகப் பயன்படக்கூடிய ஒரு சின்னப் பகுதியைப் பிரித்தெடுங்கள். நாலு வரி விளக்கமும் பத்துச் சோதனைகளும் எழுதுங்கள். இருக்கிற தொகுப்பு ஒன்றுக்கு அனுப்புங்கள். அனுப்பியதும் யாரோ ஒருவர் திருத்தச் சொல்வார். அதைக் குறையாக எடுத்துக்கொள்ளாதீர்கள், உங்கள் நிரலை வரி வரியாகப் படித்த முதல் வாசகர் அவர். இப்படி வந்தவர்களில் சிலர் தங்கினார்கள். அவர்களில் சிலர் இன்று மற்றவர்களுடைய நிரலைப் படித்துத் திருத்தம் சொல்கிறார்கள்.

புதிதாக வருகிறவரை வரவேற்கும் விதமும் ஒரு கலை. முதல் திருத்தம் அனுப்புகிறவர் பெரும்பாலும் பயந்துகொண்டுதான் அனுப்புவார். ஒரு வாரம் பதில் இல்லையென்றால் போய்விடுவார். பெரிய மொழிகளில் ஒருவர் போனால் பத்துப் பேர் வருவார்கள். இங்கே ஒருவர் போனால் அவர் கையில் இருந்த வேலை அப்படியே நிற்கும். அதனால் திருத்தம் சரியோ தவறோ, வந்ததும் நன்றி சொல்லி, என்று பார்ப்போம் என்றும் சொல்லிவிடுவதை எங்களுக்குள் வழக்கமாக்கிக்கொண்டோம். தமிழில் எழுதினால் தமிழில் பதில். நிரல் விளக்கமும் தமிழில் இருந்தால் நல்லது, ஏனென்றால் ஆங்கிலத்துக்குத் தயங்கி விலகி நிற்கிறவர்களில்தான் தமிழாசிரியரைப் போன்றவர்கள் இருக்கிறார்கள்.

எழிலில் பெரிய மென்பொருள்கள் வந்தனவா என்று கேட்கிறவர்கள் உண்டு. அந்த அளவுகோல் எழிலுக்குப் பொருந்தாது என்பது என் கருத்து. தாய்மொழியில் நிரல் கற்கலாம் என்று அது காட்டியது. கற்பிக்கத் தொடங்கியதும் எழுத்து எண்ணத் தெரியாத கணினியை நேருக்கு நேர் பார்க்க வைத்தது. அந்தக் குறையைத் தீர்க்கச் செய்த கருவிகள் மொழியைத் தாண்டி வளர்ந்தன. எங்கள் வகுப்பில் படித்த பிள்ளைகள் பிறகு பைத்தானுக்கும் ஜாவாஸ்கிரிப்டுக்கும் போனார்கள். போன இடத்தில் தமிழ்ச் சொல் உடைந்தால் அது ஏன் உடைகிறது என்று அவர்களுக்குத் தெரியும். சரிசெய்ய முடியும் என்பதும் தெரியும்.

செய்ய வேண்டியது இன்னும் நிறைய இருக்கிறது. சந்தி பிரிப்பதில் விதிகளைவிட விலக்குகள் சோதிக்கின்றன. வேர்ச்சொல் காண்பதில் வினைமுற்றுகள் ஒவ்வொன்றும் ஒரு சவால். கொங்கு, நெல்லை, மட்டக்களப்பு, மலையகப் பேச்சுகளை எழுதினால் கணினி எல்லாவற்றையும் பிழை என்று சிவப்புக் கோடு போடுகிறது. இவற்றில் எதையும் தனியாள் முடிக்க முடியாது. நிரல் எழுதத் தெரிந்தவர்கள் மட்டும் சேர்ந்தும் முடிக்க முடியாது.

ஆகவே இதைப் படிக்கிற உங்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் பெயரை ஏதாவதொரு மென்பொருள் தப்பாக வெட்டியிருக்கலாம், உங்கள் ஊரின் பெயரைத் தேடிக் கிடைக்காமல் போயிருக்கலாம், ஒரு பட்டியல் அகர வரிசை மாறி அச்சாகியிருக்கலாம். அடுத்த முறை அப்படி நடந்தால் சலித்துக்கொண்டு விட்டுவிடாதீர்கள். எந்தச் சொல், கணினி என்ன சொன்னது, சரியான விடை என்ன என்று எழுதி, இத்தகைய பொதுத் தொகுப்பு எதற்காவது அனுப்புங்கள். நிரலை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். சரியான விடை எது என்று சொல்ல நீங்கள் வேண்டும்.